பிந்தி வரும் ஏழு பேர்!

தேர் வடத்துக்கும் அணு உலைக்கும் ஓர் ஒற்றுமை

வைகாசி மாதம். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோவில் தேரோட்டம்.

தெரு முழுவதும் மக்கள் வெள்ளம். வடத்தைப் பிடிக்க ஆண்களும் பெண்களும் போட்டி போடுவார்கள். "கோவிந்தா! கோவிந்தா!" என்ற குரல் வானைப் பிளக்கும். மலை போன்ற தேர் மெல்ல அசையும்.

எல்லோருடைய கண்ணும் தேரின் உச்சியில் இருக்கும். ஆனால் கீழே, சக்கரத்தின் அருகே, சிலர் குனிந்தபடி நடந்து வருவார்கள். அவர்கள் கையில் முட்டுக்கட்டை இருக்கும். தேர் வேகம் எடுத்தால் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் போடுவார்கள். தேர் நின்றுவிடும்.

அந்தச் சிலர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தேர் தெருவோடு போகாது. வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும்!

சின்ன காஞ்சிபுரத்தில் இருந்து சுமார் 65 கிலோமீட்டர் தூரத்தில், கடற்கரையில், கல்பாக்கம் இருக்கிறது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும் வரை, கல்பாக்கமும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்தான். அங்கே அணு உலைகள் இருக்கின்றன.

அணு உலையும் ஒரு தேர்தான். கண்ணுக்குத் தெரியாத கோடி கோடித் துகள்கள் அதை இழுக்கின்றன. அந்தத் தேர் தறிகெட்டு ஓடாமல் இருப்பது எப்படி?

அதற்கும் ஒரு சிலர் இருக்கிறார்கள். ஆயிரத்துக்கு ஏழு பேர்! அவர்கள் எப்போதும் பிந்தித்தான் வருவார்கள். அவர்கள் பிந்தி வருவதால்தான் நாம் பிழைத்தோம்.

அவர்களுடைய பெயர், "தாமத நியூட்ரான்".

அணுவுக்குள் யார் யார்?

உலகில் உள்ள எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவே கரு இருக்கிறது. கருவுக்குள் இரண்டு வகைத் துகள்கள் இருக்கின்றன. ஒன்று புரோட்டான். மற்றொன்று நியூட்ரான்.

புரோட்டானுக்கு மின்சாரம் உண்டு. ஒரே வகை மின்சாரம் என்பதால் புரோட்டான்கள் ஒன்றை ஒன்று தள்ளும். ஒரே வீட்டில் சண்டைக்காரர்கள் பலர் இருப்பது போல!

நியூட்ரானுக்கு மின்சாரம் இல்லை. அது யாருடனும் சண்டை போடாது. நடுவே நின்று எல்லோரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

குடும்பம் பெரிதானால் சமாதானம் செய்பவர்கள் அதிகம் வேண்டும் அல்லவா? அதுபோல், பெரிய கருவுக்கு நியூட்ரான்கள் அதிகம் தேவை. யுரேனியம்-235 என்ற அணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புரோட்டான் 92. நியூட்ரானோ 143!

சங்கிலி

யுரேனியம் கருவுக்குள் வெளியில் இருந்து ஒரு நியூட்ரான் புகுந்தால், அந்தக் கரு இரண்டாக உடையும். 1938-ம் ஆண்டின் இறுதியில், பெர்லின் நகரில், ஆட்டோ ஹான், பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் என்ற இரு விஞ்ஞானிகள் இதைக் கண்டார்கள். அதன் பொருளை விளக்கிச் சொன்னவர்கள் லீசா மைட்னர் என்ற பெண் விஞ்ஞானியும், அவருடைய சகோதரி மகன் ஆட்டோ பிரிஷ்சும் ஆவார்கள்.

கரு உடையும்போது வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பத்தைக் கொண்டு நீராவி உண்டாக்கி மின்சாரம் எடுக்கிறார்கள்.

வெப்பத்தோடு, சராசரியாக இரண்டு அல்லது மூன்று புதிய நியூட்ரான்களும் வெளியே வருகின்றன. அவற்றில் ஒன்று அடுத்த கருவை உடைக்கும். அதில் இருந்து வருவது அதற்கு அடுத்த கருவை உடைக்கும். இப்படியே சங்கிலி போல் தொடரும்.

ஆயிரம் நியூட்ரான் போய் ஆயிரம் நியூட்ரான் பிறந்தால் உலை சீராக ஓடும். ஆயிரத்துக்கு 999 பிறந்தால் உலை மெல்ல அணையும். ஆயிரத்துக்கு 1,001 பிறந்தால்?

"ஒன்றுதானே அதிகம்!" என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்.

ஒரே வினாடியில் 22 ஆயிரம் மடங்கு!

கரு உடைந்தவுடன் வரும் நியூட்ரான்கள், கண் இமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட ஆவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. அவை உலைக்குள் ஓடி அடுத்த கருவை உடைக்க, வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஒரு வினாடிக்குள் பத்தாயிரம் தலைமுறை நடந்துவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஆயிரத்துக்கு ஒன்று கூடினால், ஒரு வினாடியின் முடிவில் உலையின் சக்தி சுமார் 22 ஆயிரம் மடங்கு ஆகிவிடும்!

"ஐயோ!" என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து எந்த மனிதனாலும் விசையைத் திருப்ப முடியாது. அத்தகைய உலையில் வேலை செய்ய யாருக்கும் துணிவு வராது.

ஆனால், உலகில் நூற்றுக்கணக்கான அணு உலைகள் ஓடி மின்சாரம் தந்திருக்கின்றன. எப்படி?

கதவைத் தட்டிய பிந்தியவர்கள்

1939-ம் ஆண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் கார்னகி ஆராய்ச்சி நிலையம். ராபர்ட்ஸ், மேயர், வாங் என்ற மூவர் யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கிச் சோதனை செய்தார்கள். பிறகு தாக்குதலை நிறுத்தினார்கள்.

நிறுத்தியவுடன் நியூட்ரான் வருவதும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை! ஒரு நிமிடத்துக்கும் மேலாக, ஒன்று, இரண்டு என்று நியூட்ரான்கள் வந்துகொண்டே இருந்தன.

விருந்து முடிந்து, இலை எடுத்து, வாசலைக் கூட்டிய பிறகு கதவைத் தட்டும் உறவினர்கள் போல அவை வந்தன!

இவை எங்கே இருந்து வந்தன?

பாகம் பிரிந்த சொத்து

யுரேனியம் பெரிய குடும்பம். அதில் நியூட்ரான்கள் ஏராளம். அது இரண்டாக உடைந்தால் இரண்டு சின்னக் குடும்பங்கள் உண்டாகின்றன. சின்னக் குடும்பத்துக்கு அவ்வளவு நியூட்ரான் தேவை இல்லை. ஆனால் பாகம் பிரித்தபோது பங்கு வந்துவிட்டது. கையில் இருப்பது அதிகம். வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

உதாரணம், புரோமின்-87. அதில் புரோட்டான் 35, நியூட்ரான் 52. அது பொறுத்துப் பொறுத்துப் பார்க்கும். பிறகு தன்னிடம் உள்ள ஒரு நியூட்ரானைப் புரோட்டானாக மாற்றிக்கொள்ளும். அப்போது ஓர் எலக்ட்ரானை வெளியே எறியும். இந்த மாற்றத்துக்கு "பீட்டாச் சிதைவு" என்று பெயர்.

இப்போது அது புரோமின் அல்ல. கிரிப்டான்-87 ஆகிவிட்டது. பெரும்பாலும் கதை இதோடு அமைதியாக முடியும். ஆனால் நூற்றில் இரண்டு மூன்று தடவை, புதிதாகப் பிறந்த கிரிப்டானுக்குள் சக்தி மிதமிஞ்சி இருக்கும். கொதிக்கும் பானையின் மூடி எகிறுவது போல, ஒரு நியூட்ரான் வெளியே துள்ளும்.

அதுதான் தாமத நியூட்ரான்!

துள்ளுவதற்கு நேரம் ஆகாது. அதற்கு முன்பு புரோமின் பொறுத்திருந்த நேரம்தான் தாமதம். புரோமின்-87 அணுக்கள் பாதி அளவு சிதைவதற்குச் சுமார் 56 வினாடி ஆகிறது. அயோடின்-137 என்ற மற்றொரு துண்டுக்குச் சுமார் 25 வினாடி. வேறு சில துண்டுகளுக்கு ஒரு வினாடியும் ஆகாது.

993-ம் 7-ம்

யுரேனியம்-235 உடையும்போது வருகிற ஆயிரம் நியூட்ரான்களில், பிந்தி வருபவை ஆறரை. சுலபத்துக்காக ஏழு என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது தேருக்கு வாருங்கள்.

ஒரு தேர் நகர ஆயிரம் பேர் வடம் பிடிக்க வேண்டும். 993 பேர் ஓடி வந்து பிடித்துவிட்டார்கள். தேர் நகரவில்லை. இன்னும் ஏழு பேர் வர வேண்டும். அவர்கள் ஆற அமர, வெற்றிலை போட்டுக்கொண்டு, நடந்து வருகிறார்கள். அவர்கள் வந்து கை வைத்த பிறகுதான் தேர் ஓர் அடி நகரும்.

அடுத்த அடிக்கும் அப்படியே!

அந்தத் தேரின் வேகம் யார் கையில் இருக்கிறது? ஓடி வந்த 993 பேர் கையில் இல்லை. பிந்தி வந்த ஏழு பேர் கையில்தான்!

அணு உலையையும் இப்படித்தான் அமைக்கிறார்கள். உடனே வரும் நியூட்ரான்கள் மட்டும் சங்கிலியைத் தொடரப் போதாது. கொஞ்சம் குறையும். பிந்தி வருபவை சேர்ந்த பிறகே கணக்கு நிறையும். ஆகவே உலை முழுவதும் அவற்றுக்காகக் காத்திருக்கிறது.

முன்பு பார்த்த அதே கணக்கில் தாமத நியூட்ரான்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வினாடியில் 22 ஆயிரம் மடங்கு ஆன சக்தி, இப்போது இரண்டு மடங்காவதற்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மனிதன் பார்க்கலாம். யோசிக்கலாம். நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டை உள்ளே இறக்கலாம். அதுதான் அணு உலையின் முட்டுக்கட்டை!

கோடரியுடன் ஒருவர்

1942 டிசம்பர் 2. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். விளையாட்டு அரங்கின் அடியில், என்ரிக்கோ பெர்மி என்ற விஞ்ஞானி உலகின் முதல் அணு உலையை ஓட்டிக் காட்டினார்.

கட்டுப்பாட்டுத் தண்டை ஒருவர் கையால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். மேலே மற்றொரு தண்டு கயிற்றில் கட்டித் தொங்கியது. கயிற்றின் அருகே ஒருவர் கோடரியுடன் தயாராக நின்றார். ஆபத்து வந்தால் கயிற்றை வெட்ட வேண்டும். தண்டு உள்ளே விழும்!

கோடரிக்கு வேலை வரவில்லை. நியூட்ரான்களின் எண்ணிக்கை இரட்டிப்பாவதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆயிற்று. பெர்மி நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு உலையை நிறுத்தச் சொன்னார். அன்று கிடைத்த சக்தி வெறும் அரை வாட். கை விளக்குக்குக்கூடப் போதாது. ஆனால், அணுவை அடக்கி ஓட்ட முடியும் என்று உலகம் அறிந்தது.

அந்த நிதானத்தைத் தந்தவை தாமத நியூட்ரான்கள்.

காத்திராத உலை

பிந்தி வருபவர்களுக்காகக் காத்திராமல் உலை ஓடத் தொடங்கினால் என்ன ஆகும்? அதையும் உலகம் கண்டது.

1986 ஏப்ரல் 26. சோவியத் நாட்டின் செர்னோபில். ஒரு சோதனையின்போது நான்காவது உலை கட்டுக்கு அடங்காத நிலையில் இருந்தது. உலையின் அமைப்பிலும் குறை இருந்தது. உடனே வரும் நியூட்ரான்களே சங்கிலியைத் தொடரப் போதும் என்ற நிலை வந்துவிட்டது. சில வினாடிகளில் சக்தி பல மடங்கு ஏறியது. உலை வெடித்தது. ஊர் ஊராக மக்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

ஏழு பேர் வரும் வரை காத்திருக்க வேண்டும் என்பது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. பிள்ளை குட்டிகளுடன் வாழும் ஊர்களின் உயிர்க் கணக்கு!

கல்பாக்கத்தில் இரண்டே பேர்

கல்பாக்கத்தில் 1971-ல் ஓர் அணு உலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பிறகு அதற்கு இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் சூட்டப்பட்டது. அங்கே 1985 அக்டோபர் 18-ல் ஒரு "வேக ஈனுலை" முதல் முறையாக இயங்கியது. புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த எரிபொருளில் அது ஓடுகிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. புளூட்டோனியம் உடையும்போது பிந்தி வரும் நியூட்ரான்கள் ஆயிரத்துக்கு ஏழு அல்ல. இரண்டுதான்!

1996-ல் அதே மையத்தில் "காமினி" என்ற சிறிய உலை இயங்கத் தொடங்கியது. தோரியத்தில் இருந்து செய்யும் யுரேனியம்-233 அதன் எரிபொருள். அதிலும் ஆயிரத்துக்கு மூன்றுக்குக் குறைவு.

கடிவாளம் மெலிந்தால் குதிரைக்காரன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆகவே தாமத நியூட்ரான் எத்தனை, எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதைத் துல்லியமாக அளந்து தெரிந்துகொண்டே உலையை வடிவமைக்கிறார்கள்.

துப்புச் சொல்லும் துகள்

கல்பாக்கத்து வேக உலையில் தாமத நியூட்ரானுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காவல் வேலை!

அந்த உலையில் எரிபொருளை மெல்லிய எஃகுக் குழாய்களில் அடைத்திருக்கிறார்கள். குழாயின் கனம் பென்சில் அளவுகூட இல்லை. சுமார் 5 மில்லிமீட்டர். அந்தக் குழாய்களைச் சுற்றி உருகிய சோடியம் ஓடி, வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

ஒரு குழாயில் விரிசல் விட்டால் உடனே தெரிய வேண்டும். ஆனால் சோடியம் தண்ணீர் போன்றது அல்ல. உருகிய வெள்ளி போல் பளபளக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

விரிசல் வழியாகப் புரோமினும் அயோடினும் கசிந்து சோடியத்தில் கலக்கும். சோடியம் அவற்றை உலையின் நடுவில் இருந்து வெளியே இழுத்துக்கொண்டு போகும். போகிற வழியில், சில வினாடிகள் கழித்து, அவை தாமத நியூட்ரானை விடும். குழாய் அருகே காத்திருக்கும் கருவி உடனே எச்சரிக்கை தரும்!

உடனே வரும் நியூட்ரான் உலையின் நடுவிலேயே பிறந்துவிடும். அதனால் இந்தத் துப்பைச் சொல்ல முடியாது. பிந்தி வருபவன்தான் திருடனைக் காட்டிக் கொடுக்கிறான்!

அதே கல்பாக்கத்தில் 500 மெகாவாட் திறனுள்ள பெரிய வேக ஈனுலையும் கட்டப்பட்டது. 2024 மார்ச்சில் அதன் உள்ளகத்தை நிரப்பும் பணி தொடங்கியது. அந்த உலையிலும் இந்தக் காவல் ஏற்பாடு உண்டு.

பிடிபடாததைப் பிடிப்பது எப்படி?

நியூட்ரானுக்கு மின்சாரம் இல்லை. ஆகவே சாதாரணக் கருவியில் அது பிடிபடாது. சத்தம் இல்லாமல் புகுந்து சத்தம் இல்லாமல் போய்விடும். விஞ்ஞானிகள் இரண்டு தந்திரங்கள் செய்கிறார்கள்.

முதல் தந்திரம், வேகத்தைக் குறைப்பது. ஓடும் கோலிக்குண்டு சுவரில் மோதினால் அதே வேகத்தில் திரும்பும். அதே எடையுள்ள இன்னொரு கோலியில் மோதினால் நின்றுவிடும். நியூட்ரானின் எடைக்குச் சமமான கோலி, ஹைட்ரஜனின் கரு. பாலிதீனில் ஹைட்ரஜன் நிறைய இருக்கிறது. ஆகவே பெரிய பாலிதீன் கட்டிகளின் வழியாக நியூட்ரானை ஓடவிட்டு அதைக் களைப்படையச் செய்கிறார்கள்.

களைத்த நியூட்ரானை, ஹீலியம்-3 என்ற வாயு அடைத்த குழாய் விழுங்கும். விழுங்கியதும் மின்சாரம் உள்ள இரண்டு துகள்கள் பிறக்கும். கருவியில் ஒன்று என்று பதிவாகும். ஜப்பானில் ரிக்கன் ஆராய்ச்சிக் கூடத்தில் இப்படி 140 குழாய்களை அடுக்கி, பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து அளந்தார்கள்.

இரண்டாவது தந்திரம், ஓட்டப் பந்தயம். கரு எலக்ட்ரானை எறிந்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கும். நியூட்ரான் எதிரே உள்ள கருவியைத் தொட்டவுடன் கடிகாரம் நிற்கும். ஆன நேரத்தில் இருந்து வேகம் தெரியும். வினாடிக்கு 10 ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வரும் நியூட்ரான், 2 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? ஒரு வினாடியில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு!

இந்தப் பந்தயத்துக்கான ஒரு கருவிக்கு "மான்ஸ்டர்" என்று பெயர். அரக்கன் என்று பொருள். ஸ்பெயின், பின்லாந்து விஞ்ஞானிகளுடன், நம் நாட்டுக் கொல்கத்தாவில் உள்ள சைக்ளோட்ரான் மையமும் சேர்ந்து அதை உருவாக்கியது.

தாமத நியூட்ரான் தரக்கூடிய கருக்கள் அறுநூறுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பலவற்றை இன்னும் யாரும் அளக்கவில்லை. பிறந்து, கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும் கருக்கள் அவை.

சரிகையில் மின்னும் பொன்

அவற்றை எதற்காக அளக்க வேண்டும்? உலைக்காக மட்டும் அல்ல. பொன் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்ளவும்தான்!

சின்ன காஞ்சிபுரத்துத் தறியில் பட்டுச் சேலை வளர்கிறது. அதன் கரையில் சரிகை மின்னுகிறது. பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் ஏற்றினால் சரிகை. நூறு கிராம் சரிகையில் தங்கம் ஒரு கிராம்கூட இருக்காது. ஆனால் அந்தத் துளி தங்கம்தான் சேலையைக் கல்யாணச் சேலை ஆக்குகிறது.

அந்தத் தங்கம் பூமியில் பிறந்தது அல்ல. வானத்தில் பிறந்தது.

2017 ஆகஸ்டு 17-ல், இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய அதிர்வை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். மோதல் நடந்த இடம் சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரம். தங்கம் போன்ற கனமான பொருள்கள் அத்தகைய மோதலில் உண்டாகின்றன என்பதற்கு அங்கிருந்து வந்த ஒளி சான்று கூறியது.

மோதலில் சிதறும் கருக்கள் நியூட்ரான்களை வயிறு முட்ட விழுங்குகின்றன. பிறகு, புரோமின் செய்தது போலவே, எலக்ட்ரானை எறிந்து எறிந்து அமைதி அடைகின்றன. வழியில் தாமத நியூட்ரான்களை உதிர்க்கின்றன. ஒன்று உதிர்த்ததை மற்றொன்று எடுத்துக்கொள்கிறது. கடைசியில் எது எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கில் இந்த உதிரிகளுக்கும் பங்கு உண்டு.

கல்பாக்கத்தில் உலையைக் காக்கும் அதே துகள், வானத்துப் பொன் கணக்கிலும் கை வைத்திருக்கிறது!

சரிகையில் தங்கம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. உலையில் தாமத நியூட்ரானும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அளவில் சிறியவை, அவை இல்லாவிட்டால் சேலைக்கு மதிப்பு இல்லை, ஊருக்குப் பாதுகாப்பு இல்லை.

அடுத்த வைகாசியில் தேர் பார்க்கப் போகிறவர்கள், உச்சியைக் கும்பிட்ட பிறகு, சக்கரத்தின் அருகே குனிந்து நடப்பவர்களையும் ஒரு தடவை பாருங்கள்.